விலா எலும்புக்குக் கீழே ஒரு முத்து

எங்கள் பக்கத்தில் யாருக்காவது வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொல்லிவிட்டால், ஆள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என் கடைக்குத்தான் வருகிறான். நான் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவேன். வலது விலாவுக்குக் கீழே சாய்வாக ஒரு சாண் நீளம். "எழுபதுகள்ல வாங்குனது இது. இன்னைக்கும் மூட்டை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன் பாத்தியா" என்பேன். வந்தவன் பாதி பயத்தை என் கடையிலேயே விட்டுவிட்டுப் போவான். இப்படி எத்தனை பேருக்குத் தைரியம் கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. டாக்டர்கள் எனக்குச் சம்பளம் தர வேண்டும்.

வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. பேசினால் தொண்டை கட்டுகிறது. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருக்கும். விஷயம் நேராக இருக்கும். தழும்பைக் காட்டிச் சொல்லும்போது ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வது என் வழக்கம். "எழுதுறதுன்னா அதையும் சேத்து எழுதுங்க. இல்லன்னா பேனாவ மூடி வையுங்க" என்று என் வீட்டுக்காரி பொன்னுத்தாய் சொல்லிவிட்டாள். சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த புதிது. பனங்காட்டிலிருந்து வெறுங்கையோடு வந்தவன், கடற்கரையோரம் சிப்பி யார்டு போட்டு, இரண்டு லாரி வாங்கி, சுண்ணாம்புச் சூளைகளுக்கும் பொத்தான் செய்கிறவர்களுக்கும் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு சாக்குச் சிப்பியைக் கையால் அளைந்து பார்த்தால் போதும். என்ன தரம், எதற்கு ஆகும் என்று சொல்லிவிடுவேன். யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. யாரும் கை தூக்கிவிடவும் இல்லை. கல்யாணமும் அப்படித்தான். "குன்றிமணிப் பவுன் கேக்காம பொண்ணு கட்டுனவன் நான்" என்று ஊரில் நான் சொல்லாத ஆள் கிடையாது. பொன்னுத்தாயும் அக்கம்பக்கத்தில் அதைச் சொல்லிப் பெருமைப்படுவாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைவலி என்று ஒரு நாள் படுத்தவனில்லை நான். அந்த வருஷம் ஆடி மாதம் வாக்கில் வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம் வந்தது. வலி இல்லை, பாரம்தான். உள்ளே யாரோ ஈரத்துணியை மடித்து வைத்த மாதிரி. பொன்னுத்தாய் தொட்டுப் பார்த்துவிட்டு, "குடல் ஏறிக்கிட்டு. தட்டி எறக்கணும்" என்றாள். அதற்கென்று எங்கள் பக்கத்தில் ஆள் உண்டு. விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவி, குடலை இடத்தில் உட்கார வைப்பார். வந்தவர் இரண்டு நீவு நீவினார். மூன்றாவது நீவலில் உள்ளே என்னவோ நெகிழ்ந்தது. கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பி, உதடு பணியாரம் மாதிரி வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. வந்தவர் எண்ணெய்க் கிண்ணத்தைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

ஊசி போட்டு அது அடங்கிய பிறகு, எங்கள் ஊர் டாக்டர் பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்த ஆஸ்பத்திரி பெஞ்சு இன்னும் கண்ணில் நிற்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் வழவழவென்று குழிந்த பலகை. கையில் நம்பர் அடித்த தகரத் துண்டு. யார்டில் நான் நுழைந்தால் பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள். இங்கே என் நம்பர் வரும்வரை ஒரு ஈ கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் தரை கழுவுகிற அந்த லைசால் வாடைகூட எனக்குப் பிடித்த வாடையாகத்தான் இருக்கிறது. அன்றைக்குத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

அறுவை சிகிச்சை பார்க்கிறவர் ஒரு டாக்டரம்மா. குட்டையான உருவம், நரைத்த முடி, சிரிக்காத முகம். நான் என் யார்டைப் பற்றியும் லாரியைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் அப்புறம். சட்டையைக் கழற்றுங்க" என்றார்.

எக்ஸ்ரே எடுத்து, அந்தக் கறுப்புத் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இது விலா எலும்பு. இது கல்லீரல் இருக்கிற இடம். இந்த வட்டத்தைப் பாருங்க."

பார்த்தேன். கறுப்பு நடுவில் ஒரு வெள்ளை வட்டம். ஆரஞ்சுப் பழம் பருமன். சுண்ணாம்பால் சுற்றிக் கோடு போட்ட மாதிரி அழகான உருண்டை. பொன்னுத்தாய் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தகட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றேன். பயத்தால் என்று அவள் நினைத்தாள். இல்லை. அந்த உருண்டை எனக்குத் தெரிந்த உருண்டை. இருபது வருஷத்துக்கு முன்னால் நான் விழுங்கிய முத்து அது என்று, அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றபடியே முடிவு செய்துவிட்டேன்.

இங்கேதான் நான் வழக்கமாக விடுகிற பகுதி வருகிறது.

ஐம்பதுகளில் எங்கள் கடலில் முத்துக் குளித்தார்கள். ஏலம் எடுத்த ஒரு வியாபாரியின் கொட்டகையில் எனக்குக் கழுவுகிற வேலை. அப்போது பதினைந்து வயது. முத்துச் சிப்பியைக் கத்தியால் திறக்கிற வழக்கம் இல்லை. தொட்டியில் கொட்டி ஒரு வாரம், பத்து நாள் அழுக விட வேண்டும். ஈ மொய்த்துப் புழு வைத்துச் சதை கரைந்த பிறகு, கடல் தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவி அடியில் தங்குவதைப் பொறுக்க வேண்டும். அந்த நாற்றத்தை எழுத எனக்குப் படிப்பு போதாது. கொட்டகையில் ஒரே ஒரு சட்டம்: கை வாய்ப்பக்கம் போகக் கூடாது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஊதித்தான் விரட்ட வேண்டும்.

காவலுக்கு இருந்தவர் பிச்சாண்டி என்று ஒரு பெரியவர். நல்ல மனுஷன். ஒரு மத்தியானம் வெயிலிலும் நாற்றத்திலும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதே நேரம் தொட்டியின் அடியில் என் விரலில் ஒன்று உருண்டது. பட்டாணிப் பருமன். தண்ணீருக்குள்ளேயே பளிச்சென்றது. எனக்கு மயக்கம் வருவதைப் பார்த்துவிட்டு அந்த மனுஷன் செம்போடு ஓடி வந்தார்.

"ஏலே தம்பி, கையை ஏந்து. ஒரு வாய் குடி."

சட்டத்தை மீறி அவர் ஊற்றினார். ஏந்திய கைக்குள் முத்து இருந்தது. தண்ணீரோடு அதுவும் உள்ளே போய்விட்டது.

எதிர்த் தொட்டிக்காரன் அந்தப் பளிச்சைப் பார்த்திருக்கிறான். கூச்சல் போட்டான். எல்லாரையும் உதறிப் பார்த்தார்கள். என்னை மூன்று நாள் அறையில் அடைத்து விளக்கெண்ணெயாகக் கொடுத்தார்கள். எதுவும் வெளியே வரவில்லை. நான் நிரபராதி என்று ஆகிவிட்டது. ஆனால் கையில் தண்ணீர் ஊற்றினது குற்றம்தானே? பிச்சாண்டியைத் தோளில் கிடந்த துண்டை எடுக்கச் சொல்லி, எல்லார் முன்னாலும் வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு எந்தக் கொட்டகையிலும் அவரைச் சேர்க்கவில்லை. உப்பளத்தில் கூலிக்குப் போனார்.

அந்தப் பிச்சாண்டியின் மகள்தான் பொன்னுத்தாய்.

யாரும் கை தூக்கிவிடவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஆக, எக்ஸ்ரேயைப் பார்த்ததும் என் புத்தி வேலை செய்தது. முத்து வெளியே வரவே இல்லை. சிப்பிக்குள் முத்து வருஷத்துக்கு வருஷம் தோல் மேல் தோலாகக் கட்டிப் பெருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். இருபது வருஷம் என் உடம்பில் இருந்தால் ஆரஞ்சுப் பருமன் ஆகாதா? முத்து வியாபாரத்தில் ஊறினவனைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பைத்தியக்காரத்தனம் தோன்றாது.

டாக்டரம்மா வேறு கதை சொன்னார். "இது ஹைடாடிட் கட்டி. நாடாப்புழுவோட குஞ்சு, கல்லீரல்ல தண்ணிப் பையா வளர்ந்திருக்கு. சுத்தி உடம்பு ஒரு சுவர் கட்டியிருக்கு. அந்தச் சுவர்ல சுண்ணாம்பு படிஞ்சதுதான் இந்த வெள்ளைக் கோடு. வயித்தை நீவினப்போ கொஞ்சம் கசிஞ்சிருக்கு, அதான் தடிப்பு. முழுசா உடைஞ்சா உயிருக்கு ஆபத்து. வீட்டுல நாய் இருக்கா?"

யார்டில் கருப்பன் என்று ஒரு நாய் இருந்தது. கறிக்கடையில் நீர்க்கொப்புளம் விழுந்த ஆட்டு ஈரலைக் கழித்துப் போடுவார்கள். அதை நான் வாங்கி வந்து கருப்பனுக்குப் போடுவேன். சும்மா கிடைக்கிறதை விடுவேனா? அவனைத் தடவின கையோடு அப்படியே உட்கார்ந்து சாப்பிடுவேன். பொன்னுத்தாய் கத்துவாள். எனக்குக் கேட்காது.

முழங்கைக்குக் கீழே தோலுக்குள் ஒரு சொட்டு மருந்து ஏற்றிச் சோதனை செய்தார்கள். கால் மணி நேரத்தில் எட்டணாக் காசு அகலத்துக்குச் சிவந்து தடித்தது. "இதுதான்" என்றார் டாக்டரம்மா. "அறுத்து எடுக்கணும். கையெழுத்துப் போடுங்க."

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

"யோசிங்க. ஆனா வார்டுல படுத்து யோசிங்க. பஸ்ஸு குலுங்கினாலே உடையலாம்."

பாதி பயம், பாதி ஆசை. பொன்னுத்தாய் முன்னால் என் வயிற்றிலிருந்து ஒரு முத்தை எடுத்து டாக்டரம்மா தட்டில் வைத்தால், நான் அவள் அப்பாவுக்குச் செய்தது மொத்தமும் அந்தத் தட்டில் இருக்கும். அதே சமயம், ஆரஞ்சுப் பருமன் முத்தை உலகத்தில் எவன் பார்த்திருக்கிறான்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதையும் நினைத்தேன்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் சேவியர் என்று ஒரு தம்பி. கடற்கரைப் பக்கத்துப் பையன். காலேஜில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர், பையன்களுக்குப் புழு பூச்சியை அறுத்துக் காட்டுகிற வேலை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, காலை மேலே தூக்கிக் கட்டி மணல் மூட்டை தொங்க விட்டிருந்தார்கள். நகர முடியாது. வாய் மட்டும் ஓயாது. அவன் அம்மாவால் ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும் என்று தெரிந்ததும், பொன்னுத்தாய் பின்னால் இருந்த சமையல் கொட்டகையில் அவனுக்கும் சேர்த்துப் பொங்கினாள். அவன் சாப்பாட்டுக்குப் பதிலாக எனக்குப் புழு சொல்லிக் கொடுத்தான்.

"அண்ணாச்சி, உம்ம உள்ள இருக்கது யாரு வம்சம் தெரியுமா? தட்டைப்புழு."

"விளக்கெண்ணெய் குடிச்சா விழுமே, அதா?"

"அது உருண்டைப்புழு. அதுக்கும் இதுக்கும் கொண்டான் குடுத்தான் கிடையாது. தட்டைப்புழு இலை மாதிரி, நாடா மாதிரி சப்பையா இருக்கும். அதுல மூணு தரம்."

தரம் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தரம் பிரிப்பது என் தொழில். முத்தைப் பித்தளைச் சல்லடைகளில் போட்டுப் பிரிப்பதை விடவா இது கஷ்டம்?

"மொதத் தரம் ஒருத்தரையும் ஒண்டாது. கடல்ல கல்லுக்கு அடியில, பாறை இடுக்குல தானா தேடித் தின்னு பிழைக்கும்."

"என்னை மாதிரி."

"சரி, உம்மை மாதிரி. ரெண்டாம் தரம் இலை வடிவம். ஆட்டு ஈரல்ல இருக்கும். ஒட்டிக்கிட ரெண்டு உறிஞ்சி. குடல் உண்டு, ஆனா வாசல் ஒண்ணுதான். திங்கதும் கழியதும் அதே வழி. குஞ்சா இருக்கயில நத்தை வயித்துல குடியிருந்துட்டு வரும்."

"சீ. மூணாம் தரம்?"

"அதான் உம்ம ஆளு. நாடாப்புழு. வாயே கிடையாது. குடலும் கிடையாது."

"வாயில்லாம எப்படிலே திங்கும்?"

"சோத்துப் பானைக்குள்ளயே படுத்துக் கிடக்கவனுக்கு வாய் எதுக்கு? மேல் தோலாலயே உறிஞ்சிக்கிடும்."

சிகரெட் அட்டையின் பின்பக்கம் படம் போட்டான். உச்சியில் குண்டூசித் தலை மாதிரி ஒரு தலை. அதில் நான்கு உறிஞ்சி, கிரீடம் மாதிரி இரண்டு வரிசைக் கொக்கி. நங்கூரம் மாதிரி குடலில் மாட்டிக்கொள்ளும். கழுத்துக்குக் கீழே ஹார்பர் கூட்ஸ் வண்டி மாதிரி கண்டம் கண்டமாகக் கோத்திருக்கும். ஒவ்வொரு கண்டத்துக்குள்ளும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. கடைசிப் பெட்டி முட்டை நிறைந்ததும் கழன்று வெளியே போய்விடும். புதுப் பெட்டி கழுத்துப் பக்கம் முளைக்கும். உடம்புக்குள் கழிவுநீரைத் தள்ளுவதற்கு விளக்குத் திரி துடிக்கிற மாதிரி துடிக்கிற சின்னச் சின்ன அறைகள் உண்டு. அந்த இடத்தில் எனக்கே அதன் மேல் ஒரு மரியாதை வந்தது. எவ்வளவு சின்னதற்கு எவ்வளவு வேலைப்பாடு!

"மாட்டுக்கறி, பன்னிக்கறியில வாரது கஜக்கணக்கா நீளும். நாய்க்குடல்ல இருக்க இந்தப் புழு ஒரு அரிசி நீளம்கூட வராது. மூணு நாலு பெட்டிதான். ஆனா அதுக்க குஞ்சு இருக்கே, அதுதான் ஊதி ஊதிப் பெருக்கும். கருப்பன் கழிஞ்ச முட்டை அவன் ரோமத்துல ஒட்டி, உம்ம கையில ஒட்டி, உம்ம வாய்க்குப் போச்சு. ஆட்டுக்குப் போக வேண்டிய சரக்கு விலாசம் தப்பி உமக்கு வந்துட்டு."

"அப்ப அந்த உருண்டை?"

"தண்ணிப் பை."

"வேற எதுவும் இருக்க வாய்ப்பில்லையா?"

"வேற என்ன?"

மூன்று நாள் அடக்கி வைத்தேன். நான்காம் நாள் சாயங்காலம் பொன்னுத்தாய் சமையல் கொட்டகைக்குப் போயிருந்தபோது, குரலை இறக்கி அவனிடம் சொன்னேன். கொட்டகை, செம்புத் தண்ணீர், விழுங்கினது, எல்லாம். அவள் யார் மகள் என்பதையும் சொன்னேன்.

சேவியர் சிரித்தான். மணல் மூட்டை ஆடுகிற அளவுக்குச் சிரித்து, பிறகு தொடை வலித்து "அம்மாடி" என்று அழுதான். நர்ஸ் வந்து இரண்டு பேரையும் அதட்டிவிட்டுப் போனார்.

"அண்ணாச்சி, உம்ம சட்டையில என்ன பொத்தான்?"

"சிப்பிப் பொத்தான். அசல். நம்ம சரக்கு."

"ஒண்ணப் பிய்யும். முத்தும் இதுவும் ஒரே சரக்குதான? ஜன்னல்ல இருக்க அந்த எலுமிச்சம்பழத்தை எடும்."

மருந்து கொடுக்கிற சின்னக் கிளாஸில் பழத்தைப் பிழிந்து பொத்தானைப் போட்டோம். சிப்பிச் சுண்ணாம்பு விற்றே வளர்ந்தவன் நான். புளிப்பில் சுண்ணாம்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் வயிற்றோடு சேர்த்து அதை யோசித்ததே இல்லை. பொத்தானைச் சுற்றிப் பொடிப் பொடியாக நுரை கிளம்பியது. மறுநாள் காலையில் பழைய நுரையைக் கொட்டிப் புதுச் சாறு விட்டோம். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் மினுக்கம் எல்லாம் போய், ஓரம் தேய்ந்து, செத்த மீன் கண் மாதிரி இருந்தது.

"எலுமிச்சைக்கே இந்தக் கதி. வயித்துல சுரக்க நீரு இதை விடக் கடுப்பு. மூணு நாள் அடைச்சி வச்சாங்கல்லா? அதுக்குள்ளயே உம்ம முத்து கரைஞ்சு போச்சு. விளக்கெண்ணெய்க்கு எது மிச்சம் இருக்கும்?"

இருபது வருஷமாக ஒன்றுமில்லாததைச் சுமந்திருக்கிறேன்.

அவன் இன்னொன்றும் சொன்னான். அதை இன்றுவரை நான் மறக்கவில்லை. முத்துச் சிப்பிக்குள்ளும் ஒரு நாடாப்புழுவின் குஞ்சு புகுந்துகொள்ளுமாம். அது பெரிதாகி வாழ்கிற வீடு திருக்கை மீனின் குடல். புகுந்த குஞ்சைச் சிப்பி சும்மா விடாது; சுற்றிச் சுற்றிப் பூசி மூடும். நம் கடல் முத்துக்கள் சிலவற்றுக்கு அப்படித்தான் பிறப்பு என்று அந்தக் காலத்திலேயே ஆராய்ந்த சிலர் சொன்னார்களாம். எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொன்னான், நேர்மையான பையன்.

"சிப்பியும் மூடுச்சு, உம்ம ஈரலும் மூடுச்சு அண்ணாச்சி. சிப்பி கெட்டியா மூடும். உம்மது உள்ள தண்ணியா நிக்கி. அதனாலதான் அறுக்கணும்."

அன்றைக்கே டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டேன். "யோசிச்சு முடிச்சாச்சா?" என்றார். அப்போதும் சிரிக்கவில்லை.

இனி நான் வாயைத் திறக்கத் தேவையில்லை. முத்து இல்லை, தட்டில் வைக்க எதுவும் இல்லை. பிச்சாண்டி மாமாவும் அதற்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் ஆபரேஷனுக்கு முந்தின மத்தியானம் பொன்னுத்தாய் கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "எங்கப்பா மட்டும் இருந்தா இந்நேரம் உங்க கால்மாட்டுலயே உக்காந்திருப்பாரு" என்றாள். அவளை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். திருடனே என்றால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டாள்.

"அப்ப எம்மேல ஆசப்பட்டுக் கட்டலியா நீங்க? குன்றிமணிப் பவுன் கேக்காமக் கட்டுனேன்னு ஊரெல்லாம் சொன்னீயள. எங்கப்பாவுக்குச் செஞ்ச பாவத்தக் கழுவத்தான் எனக்குத் தாலி கட்டுனீயளோ?"

நான் பேசிப் பேசியே பிழைத்தவன். அன்றைக்குப் போர்வை நுனியைத்தான் திருகிக்கொண்டிருந்தேன். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சேவியர் முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தான். அவ்வளவு நேரம் அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

உடைந்தால் ஆபத்து என்று டாக்டரம்மா சொன்னது அப்போது பெரிதாகத் தெரியவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போய்விடுவேனோ என்பதுதான் பயமாக இருந்தது.

காலையில் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது ஆபரேஷன் அறை வாசலில் அவள் நின்றாள். கையில் என் சட்டை. என்னைப் பார்த்தாள். நான் பேசுவதற்குள் கதவு மூடிவிட்டது. மயக்கம் கொடுக்கிற ஈதர் வாடை. எண்ணச் சொன்னார்கள். பதினொன்று வரை எண்ணினதாக ஞாபகம்.

நடந்ததைப் பிறகு டாக்டரம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். ஒரு துளி சிந்தினாலும் சிந்தின இடத்தில் புதுக் கட்டி முளைக்கும் என்பதால், சுற்றிலும் துணி அடுக்கி, முதலில் ஊசியால் தண்ணீரை உறிஞ்சினார்களாம். ஊற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாக வந்ததாம். பிறகு கடுமையான உப்புத் தண்ணீரை உள்ளே ஏற்றி, புழுத்தலைகள் எல்லாம் சாகிறவரை காத்திருந்து, அப்புறம்தான் திறந்தார்களாம். உப்பு என்றதும் நான் விட்டேனா? "எங்க ஊர் உப்புத்தான?" என்று கேட்டேன். அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "அப்படியே வச்சுக்கோங்க." அதனால் தூத்துக்குடி உப்புத்தான் என்னைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கண் விழித்தது மறுநாள் என்று நினைக்கிறேன். விலாவில் ஒரு ரப்பர் குழாய். நாக்கு ஓலை மாதிரி காய்ந்து கிடந்தது. டாக்டரம்மா ஒரு கண்ணாடி ஜாடியோடு வந்தார். உள்ளே இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளைத் தோல். அதோடு உருண்டை உருண்டையாகக் குட்டிப் பைகள். மிளகுப் பருமன், பட்டாணிப் பருமன், கோலிக்குண்டுப் பருமன், வெள்ளை வெளேரென்று, ஜாடியை அசைத்தால் ஒன்றன்மேல் ஒன்று உருண்டன. சல்லடை இருந்தால் தரம் பிரித்திருப்பேன். அத்தனை வருஷக் கொட்டகை வேலையிலும் ஒரே சிப்பியில் அத்தனை பார்த்ததில்லை.

பொன்னுத்தாய் ஜாடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல முத்து ஏதும் இருந்துச்சா டாக்டரம்மா?"

"முத்தா? என்ன முத்து?"

பக்கத்துக் கட்டிலில் மணல் மூட்டை ஆடுகிற சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்ல. எங்கப்பா பொருள் ஒண்ணு தொலைஞ்சு போச்சு. அதான் கேட்டேன்" என்று ஜாடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

டாக்டரம்மா போன பிறகு கட்டில் கம்பியில் தொங்கிய என் சட்டையைப் பார்த்தேன். நான் பிய்த்த இடத்தில் ஒரு பொத்தான் தைத்திருந்தாள். கறுப்புப் பொத்தான். நூல் மட்டும் வெள்ளை. நான் உள்ளே கிடந்த நேரத்தில் வாசலில் உட்கார்ந்து தைத்திருக்கிறாள்.

"ஏளா" என்றேன். குரல் காற்றாகத்தான் வந்தது.

"பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காவ."

"ஒங்க வீட்டுக்கு மூணு தடவ வந்தேன்லா, கல்யாணத்துக்கு முந்தி."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"மொதத் தடவ ஒங்கப்பாட்ட உண்மையச் சொல்ல வந்தேன். அவரு வாலே தம்பின்னு கூப்பிட்டு, ஒன்னத் தண்ணி கொண்டாரச் சொன்னாரு. சொல்ல முடியல. ரெண்டாந்தடவையும் சொல்லத்தான் வந்தேன். எங்கப்பாவப் பாக்க வந்தீயளா, தண்ணி குடிக்க வந்தீயளான்னு கேட்டு நீ சிரிச்ச." மூச்சு வாங்கியது. "மூணாந்தடவ சொல்ல வரல."

வார்டில் யாரோ இருமினார்கள். ஜன்னலுக்கு வெளியே சமையல் கொட்டகைப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

"பின்ன எதுக்கு வந்தீய?"

"தண்ணி குடிக்க."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு திரும்பி, மூடி வைத்திருந்த டம்ளரை எடுத்தாள். ஒவ்வொரு வாயாகக் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாராம். நான் வாங்குவதற்காகக் கையை நீட்டினேன். என் கையைத் தட்டி இறக்கினாள்.

"கைய ஏந்தாதீய. அந்தக் கைய நம்பித்தான் எங்கப்பா கெட்டாரு. வாயத் தொறங்க, நானே ஊத்துதேன்."